வீட்டுக்கு ஓர் இழுப்பறை

வீடு மாற்றுவதென்றாலே நம் வீட்டுப் பெண்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, புது வீட்டில் எதை எங்கே வைப்பது என்று விழித்து... வேண்டாம் அந்தக் கதை! அமெரிக்காவில் சிலர் இந்தத் தொல்லையை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கே சக்கரம் பூட்டி, காரின் பின்னால் கோத்து, போகிற ஊருக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ‘டிராவல் டிரெய்லர்’ என்று அதற்குப் பெயர். உள்ளே கட்டில் உண்டு, சோபா உண்டு, காஸ் அடுப்பு, பிரிட்ஜ், குளிக்கும் அறை எல்லாம் உண்டு.

1954-ல் ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. வாழ்க்கையிலும் தம்பதிகளான லூசில் பாலும் டெஸி ஆர்னஸும் அதில் புதுமணத் தம்பதிகளாக நடித்தார்கள். கணவன் காரை ஓட்ட, பின்னால் ஆடுகிற டிரெய்லருக்குள் மனைவி சமையல் செய்யப் பார்க்கிறாள். ஒரு மழை இரவில் வண்டி சேற்றில் சாய்ந்து நிற்க, கதவைத் திறந்த அம்மாள் நேரே சேற்றிலே விழுகிறாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புக்குக் கேட்க வேண்டுமா? ஆனால் டிரெய்லரில் குடித்தனம் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெளியே இருக்கும் சேறு அவர்களுக்குப் பெரிதல்ல. சத்தமில்லாமல் உள்ளே வந்து தரையைத் தின்கிற தண்ணீர்தான் கவலை. இந்த வாரம் அந்தக் கவலையைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

“நமக்கென்ன அதில்?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் இருக்கிற குடும்பங்கள் இன்று நம்மில் எத்தனையோ. கோடை விடுமுறையில் டிரெய்லரை வாடகைக்கு எடுப்பதும், பிடித்துப்போய்ச் சொந்தமாகவே வாங்குவதும் அங்கே சகஜம். பேரனைப் பார்க்கப் போகும் பாட்டிக்கும் அதில் ஒரு படுக்கை உண்டு!

வேடிக்கை வீடு அல்ல

டிரெய்லர் என்றால் உல்லாசப் பிரயாணம் என்று மட்டும் எண்ணக் கூடாது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பலர் குளிர்காலம் வந்ததும் வடக்கே இருந்து அரிஸோனாவுக்கும் பிளாரிடாவுக்கும் டிரெய்லரோடு இறங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குப் ‘பனிப் பறவைகள்’ என்று செல்லப் பெயர். வீட்டை விற்றுவிட்டு வருஷம் முழுவதும் டிரெய்லரிலேயே வசிப்பவர்களும் உண்டு. முகாம்களில் காவல் பார்த்தும், வடக்கு டகோட்டா, மின்னஸோட்டா பக்கம் சர்க்கரைக் கிழங்கு அறுவடைக்குப் போயும் சம்பாதித்துக்கொள்கிறார்கள். 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்ற ‘நோமாட்லாண்ட்’ இப்படி ஊர் ஊராகப் போகும் ஒரு விதவையின் கதைதான். அவள் இருந்தது டிரெய்லரில் அல்ல, ஒரு வேனில். வாழ்க்கை என்னவோ ஒன்றேதான்.

இவர்களுக்கெல்லாம் அந்தத் தரை ஒன்றுதான் தரை. அது இற்றுப் போனால், குடியிருக்க வேறு வீடு இல்லை. ரிப்பேர் செய்யும் வரை தங்க வேறு இடமும் இல்லை. வருஷக்கணக்கில் மெதுவாக ஊறி வந்த சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் பணம் தருவதும் இல்லை. “உங்கள் அஜாக்கிரதைக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று கையை விரித்துவிடுவார்கள்.

சுவரில் ஒரு பெரிய ஓட்டை

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வண்டியின் அகலம் 102 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அதாவது எட்டரை அடி. எட்டரை அடிக்குள் சோபாவும் போட்டு, சாப்பாட்டு மேஜையும் போட்டால், நடப்பதற்கு இடம் ஏது? அதற்குத்தான் ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். மேஜைக்கு இழுப்பறை வைப்பதுபோல, வீட்டுக்கே ஓர் இழுப்பறை! ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால், சுவரின் ஒரு பகுதி ஜன்னலோடும் சோபாவோடும் இரண்டு மூன்று அடி வெளியே நகரும். கிளம்பும்போது மறுபடி பொத்தானை அழுத்தினால் சமர்த்தாக உள்ளே வந்துவிடும். ‘ஸ்லைடு-அவுட்’ என்கிறார்கள். இண்டியானா மாநிலத்தில் நாப்பனி என்ற சிற்றூரில் இருக்கும் நியூமார் கம்பெனி 1990-ல் தன் மோட்டார் வீடுகளில் இதை வைத்த பிறகு நன்றாகப் பரவியது. இன்று ஸ்லைடு இல்லாத பெரிய டிரெய்லரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சௌகரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். சுவரில் ஒரு பெரிய சதுர ஓட்டை போட்டு, அதில் ஒரு பெட்டியைச் செருகியிருக்கிறார்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நாலு பக்கமும் இடுக்கு. அந்த இடுக்கின் வழியே மழையும் காற்றும் தூசியும் வராமல் தடுப்பது எது? வெறும் ரப்பர்ப் பட்டைதான். பட்டையைத் துடைத்துவிடுகிற நாக்குப்போல ஒன்று. அமுங்கி அடைக்கிற குழாய்போல இன்னொன்று. இரண்டும் நன்றாக இருக்கும் வரை வீடு வீடாக இருக்கும்.

தரையின் சங்கதி

ஸ்லைடின் தரையும் சரி, டிரெய்லரின் பெரிய தரையும் சரி, பெரும்பாலும் மரம்தான். ஆனால் தேக்கையும் மருதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டுப் பலகையாக இருக்கும். அல்லது மரச் சீவல்களைப் பசையில் குழைத்து அழுத்திச் செய்த பலகையாக இருக்கும். எடை குறைவாக இருக்க வேண்டுமே! சில கம்பெனிகள் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே நுரைப் பலகையை வைத்து ஒட்டிவிடுகிறார்கள்.

சீவல் பலகை காய்ந்திருக்கும் வரை கெட்டி. ஓரத்தில் தண்ணீர் பட்டதோ, பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்டு உப்பிவிடும். உப்பிய பிறகு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அடுத்த மழையில் இன்னும் கொஞ்சம் குடிக்கும். ஒரு நாள் காலை வைத்தால் அப்பளம்போல் நொறுங்கும்.

ஸ்லைடுத் தரையின் வெளி ஓரத்தில் இன்னொரு ஆபத்து. சுவரில் வழிகிற மழை நீர் அடி விளிம்புக்கு வந்ததும் கீழே சொட்டி விழ வேண்டும். விழாமல் விளிம்பைப் பற்றிக்கொண்டு அடிப்பக்கமாக உள்ளே ஓடும். தோசை மாவுப் பாத்திரத்திலிருந்து சாய்த்து ஊற்றும்போது, மாவு வெளிப்புறமாக வழிந்து அடியைத் தொடுகிறதல்லவா, அதே வேலைதான். இதைத் தடுக்க, அடி விளிம்பில் நீர் சொட்டுவதற்கென்று ஒரு சிறு தகட்டு மடிப்பு வைக்கிறார்கள். பலகையின் வெட்டு முகம் வெளியே தெரிந்தால் அதற்குச் சீலும் வைக்க வேண்டும். சொந்தக்காரர் வருஷத்துக்கு இரண்டு முறை கீழே குனிந்து, டார்ச் அடித்துப் பார்ப்பது நலம்.

பொத்தானை அழுத்துமுன்

ஊர் போய்ச் சேர்ந்த அவசரத்தில் உடனே பொத்தானைத் தேடக் கூடாது. முதலில் வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்து நிற்கும் வண்டியில் ஸ்லைடை இழுத்தால், கட்டமைப்பு முறுக்கிக்கொண்டு, ஒரு பக்கத்து ரப்பர் நசுங்கும். மறு பக்கம் இடுக்கு விடும். பிறகு வெளியே போய், மரமோ கம்பமோ பக்கத்து வண்டியோ இடிக்குமா என்று பார்க்க வேண்டும். வெளியே தள்ளிய பின், ஒரு முறை சுற்றி வந்து ரப்பர் நாக்கு எங்காவது உட்பக்கமாகச் சுருண்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். சுருண்டிருந்தால் மரக் கரண்டியின் காம்பால் மெல்ல எடுத்துவிடலாம். கத்தியும் ஸ்க்ரூ டிரைவரும் கூடவே கூடாது. ரப்பர் கிழிந்தால் காரியம் கெட்டது.

உள்ளே இழுக்கும்போது இதைவிட ஜாக்கிரதை வேண்டும். காலையில் புறப்படுகிற அவசரத்தில் துடைப்பத்தை மறந்துவிடுகிறார்கள். ஸ்லைடின் அடியில் உருளைகள் உண்டு. தரையில் ஒரு சிறு கூழாங்கல், குழந்தை போட்ட ஒரு பொம்மை, ஏன், ஒரு வேர்க்கடலைத் தோல் கெட்டியாகக் கிடந்தாலும் போதும், மேலே மூன்று நாலு பேர் கனத்துக்கு சோபாவோடு ஸ்லைடு ஏறி வரும்போது, அது தரை விரிப்பில் ஒரு கோடு கிழித்துவிடும். கிழிந்த கோட்டில் பிறகு தண்ணீர் புகும். ஆகவே முதலில் பெருக்க வேண்டும். உருளை ஓடும் இடத்தில் கெட்டியான பிளாஸ்டிக் தகடோ மிதியடித் துணியோ விரித்துவைத்துத் தரையைக் காப்பவர்களும் உண்டு. அலமாரிக் கதவுகள் மூடியிருக்க வேண்டும். நாற்காலி குறுக்கே இருக்கக் கூடாது.

பெருக்கியதும், ஏணி வைத்து ஸ்லைடின் மேல் தளத்தைப் பார்க்க வேண்டும். ஓக் மரத்தடியில் நின்ற வண்டியின் தலையில் காயும் இலையும் குச்சியும் குவிந்திருக்கும். அவற்றோடு உள்ளே இழுத்தால் ரப்பர் கிழியும். மிச்சக் குப்பை சோபாவின் மேல் கொட்டும். மழை பெய்திருந்தால் தேங்கிய தண்ணீரை வழித்துத் தள்ளிவிட்டு, துணியால் துடைத்து, அதன் பிறகு மூட வேண்டும். நேரம் இல்லாமல் ஈரத்தோடு மூடினால், போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் வேலையாகத் திறந்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடிய ஸ்லைடை ஒரு மாதம் கொட்டகையில் விட்டால், ஈரத் துணியை மடித்துப் பெட்டியில் வைத்த கதைதான், பூஞ்சணம் பூத்துவிடும். இந்தத் தொல்லைக்காக ஸ்லைடின் தலைக்குமேல் தானாக விரிந்து சுருளும் ஒரு துணிப் பந்தலையும் பலர் போட்டுக்கொள்கிறார்கள். காற்று பலமாக அடிக்கும்போது அது படபடவென்று அடித்துத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பொத்தானில் விரலை வைக்குமுன் குழந்தைகளை எண்ணுங்கள். நாய், பூனை இருந்தால் அவற்றையும் எண்ணுங்கள். ஸ்லைடுக்குப் பின்னால் பூனை ஒளிந்துகொள்வது உண்டு. இயந்திரத்துக்குக் கண் கிடையாது. நடுவில் ஏதாவது கரகரவென்று சத்தம் கேட்டால் அப்படியே நிறுத்திவிட வேண்டும். “போகட்டும், இன்னும் கொஞ்சம்தானே” என்று அழுத்திப் பிடிப்பதுதான் பல மோட்டார்களின் முடிவு.

ரப்பருக்கு எண்ணெய் ஆகாது

ரப்பர்ப் பட்டை வெயிலில் காய்ந்து வெடிக்கும். அதற்காக நம் வழக்கப்படி ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும் என்று தோன்றும். மண்ணெண்ணெய், வாஸ்லின், கிரீஸ் போன்ற பெட்ரோலியச் சரக்குகள் இந்த ரப்பரை உப்ப வைத்து இளக்கிவிடும். மெல்லிய சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, நன்றாக உலர்த்தி, ரப்பருக்கென்றே விற்கும் பெட்ரோலியம் இல்லாத பூச்சு மருந்தைப் பூச வேண்டும். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை செய்தால் போதும், செலவும் அதிகமில்லை.

கூரைக்கும் இதே கவனிப்பு. டிரெய்லர்க் கூரை பெரும்பாலும் ரப்பர் விரிப்புத்தான். காற்றுப் போக்கி, ஏணி, குழாய் இவை கூரையைத் துளைத்து வரும் இடங்களிலெல்லாம் ஒரு பசையால் அடைத்திருப்பார்கள். பல கம்பெனிகள் 3 மாதத்துக்கு ஒரு முறை அதைப் பார்க்கச் சொல்கின்றன. வெடிப்புக் கண்டால் அந்தக் கூரைக்கென்று உள்ள பசையைத்தான் போட வேண்டும். கடையில் கண்ணில் பட்ட சிலிகோன் டியூபை வாங்கி அப்பினால் சரியாக ஒட்டாது. பிறகு நல்ல பசையும் அதன்மேல் பிடிக்காது.

தண்ணீர் உள்ளேயும் பிறக்கும்

வெளி மழையைத் தடுத்துவிட்டோம் என்று சாவகாசமாக உட்கார முடியாது. வீட்டுக்குள்ளேயும் தண்ணீர் உற்பத்தியாகிறது. 1 பவுண்டு புரொபேன் காஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 பவுண்டு தண்ணீர் ஆவியாக வெளிவரும். அதோடு நாலு பேர் மூச்சு, குளியல், ரசம் கொதிக்கிற ஆவி, இட்லிப் பானை எல்லாம் சேர்ந்தால் அந்தச் சின்னப் பெட்டி தாங்குமா? குளிர்ந்த சுவரில் வேர்வைபோல் வழிந்து தரை ஓரத்தில் போய்ச் சேரும். சுவரை ஒட்டிய மெத்தையின் அடிப்பக்கம் காலையில் ஈரமாக இருக்கும். ஆகவே சமைக்கும்போது விசிறியைப் போட வேண்டும். கூரை ஜன்னலைச் சற்றுத் திறக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் காற்றோட்டத்துக்குச் சட்டங்கள் வைக்க வேண்டும்.

காற்றோட்டம் தரைக்கு மட்டும் நல்லதல்ல, தேகத்துக்கும் நல்லது. 2005-ல் கத்ரீனா புயலில் வீடிழந்த மக்களுக்கு அமெரிக்க அரசாங்கம் பல்லாயிரம் டிரெய்லர்களைக் கொடுத்தது. குடிபோனவர்களில் பலருக்குக் கண் எரிச்சலும் மூச்சுக் கஷ்டமும் வந்தன. பலகைகளை ஒட்டிய பசையிலிருந்து பார்மால்டிஹைடு என்ற விஷ வாயு கிளம்புவது சோதனையில் தெரிந்தது. உஷ்ணமும் ஈரமும் கூடினால் அது அதிகமாகக் கிளம்பும். 2010-ல் அத்தகைய பலகைகளுக்குக் கட்டுப்பாடு விதித்துச் சட்டமே செய்தார்கள். இன்றும் புது டிரெய்லரை வாங்கியவுடன் சில நாள் திறந்து போடுவது புத்திசாலித்தனம்.

குழாய்களையும் மறக்கக் கூடாது. முகாமில் தண்ணீர்க் குழாயின் வேகம் சில இடங்களில் மிகவும் அதிகம். நடுவில் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு சிறு கருவியை மாட்டி, சதுர அங்குலத்துக்கு 40, 50 பவுண்டுக்குள் வைத்துக்கொண்டால் மூட்டுகள் பிழைக்கும். வண்டியின் சொந்தத் தொட்டித் தண்ணீரை உபயோகிக்கும்போது இன்னொரு சோதனை: இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் பம்பு அவ்வப்போது ‘உர்’ என்று ஓடி நிற்கிறதா? அப்படியானால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். பனி விழும் ஊரில் வண்டியை நிறுத்துமுன், குழாயில் தண்ணீர் ஒரு சொட்டுகூட நிற்காமல் வடித்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை நிரப்புகிறார்கள். இல்லாவிட்டால் ஐஸ் உப்பிக் குழாயை வெடித்துவிடும். வசந்த காலத்தில் தரை மிதக்கும்.

இன்னொன்று, நம் தாய்மார்களுக்கென்றே சொல்ல வேண்டியது. வெள்ளிக்கிழமை வந்தால் வாளியில் தண்ணீர் எடுத்துக் கொட்டி வீட்டை அலம்பிவிட்டால்தான் நமக்குத் திருப்தி. டிரெய்லரில் அது ஆகவே ஆகாது! அங்கே தண்ணீர் ஓடுவதற்குச் சாலகம் கிடையாது. கொட்டிய தண்ணீர் விரிப்பின் ஓரத்தில் புகுந்து, பலகையை நனைத்து, அடியில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் படுதாவில் பைபோல் தேங்கிவிடும்; காய வழியே இல்லை. நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். மாட்டுப் பெண் ஈரத் துணியால் ஒரு தடவு தடவிவிட்டு எழுந்தால், “இதுவா சுத்தம்?” என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் வீட்டைக் காப்பாற்றுகிறாள்.

காலே சொல்லும்

ஊறின தரையைக் கண்டுபிடிக்க இயந்திரம் உண்டு. ஈரத்தை அளக்கும் மீட்டரைப் பலகையில் வைத்தால் சொல்லிவிடும். ஆனால் அதைவிட நல்ல கருவி நம்மிடமே இருக்கிறது: வெறும் கால். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல்படி அருகில், கழிப்பறையைச் சுற்றி, ஸ்லைடின் இரண்டு மூலைகளிலும் மெதுவாக அழுத்தி நடந்து பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் அங்கே பலகை நோய்ப்பட்டிருக்கிறது. சுவரில் கொப்புளம்போல் புடைத்திருந்தாலும், மூலையில் மஞ்சள் கறை படர்ந்திருந்தாலும், அடைத்து வைத்த அலமாரியில் பழைய புத்தக வாசனை அடித்தாலும் அதே அர்த்தம்தான்.

சிறிய இடம் என்றால், தண்ணீர் வந்த வழியை முதலில் அடைத்து, நன்றாக உலர்த்தி, கெட்ட பலகையை வெட்டி எடுத்துப் புதிது பொருத்திவிடலாம். வழியை அடைக்காமல் பலகையை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்துக்கு வர்ணம் அடிப்பதுபோலத்தான். ஸ்லைடுத் தரை முழுவதும் போய்விட்டால் பெரும்பாலும் அந்த அறையையே சுவரிலிருந்து கழற்றி வெளியே எடுத்து வேலை செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவைப் பார்த்துவிட்டு வண்டியையே கைவிட்டவர்கள் உண்டு. நன்றாகப் பேணினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஏர்ஸ்ட்ரீம் என்ற வெள்ளி நிற டிரெய்லர்களை 1930-களிலிருந்தே செய்து வருகிறார்கள். பழைய வண்டிகளில் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றைப் பழுது பார்ப்பவர்கள் முதலில் தேடுவது என்ன தெரியுமா? அலுமினிய உடம்பை அல்ல; பின்பக்க ஓரத்துத் தரைப் பலகையை. உடம்பு பளபளவென்று இருக்கும்போதே தரை இற்றிருப்பது அங்கே சகஜம்.

பழைய டிரெய்லர் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு அம்மாமார்கள் ஒரு வார்த்தை எழுதலாம். மழை பெய்த மறுநாள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்லைடைத் திறந்தும் மூடியும் காட்டச் சொல்லுங்கள். கீழே படுத்து, அடிப் பலகையை விரலால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் கமகமவென்று செயற்கை வாசனை தூக்கி அடித்தால், மரியாதையாக இரண்டு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடச் சொல்லுங்கள். நல்ல வீட்டுக்கு அத்தர் எதற்கு?

பெருக்குவது, துடைப்பது, ஏறிப் பார்ப்பது, குனிந்து பார்ப்பது எல்லாம் சேர்ந்து கால் மணி நேர வேலை. புறப்படும் நாளில் அந்தக் கால் மணி நேரத்தை யாராவது ஒருவர் தன் பொறுப்பென்று எடுத்துக்கொண்டால், அந்த வீடு இன்னும் எத்தனையோ ஊர் பார்க்கும்.